பிரேக் அக்காவின் வலது கால்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவளுடைய காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் அவள் மிதித்து நிறுத்துவாள். வருடக்கணக்காக மிதித்ததில் அந்த வலது கால் அவள் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிக்கும். தியேட்டரில் கதாநாயகன் வண்டியை வேகமாகத் திருப்பினால் முன் வரிசைக்காரரின் நாற்காலிக்கு ஓர் உதை விழும்.

எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளை அவள் சாலைக்கு அனுப்பியிருக்கிறாள். அவளிடம் தேறாத ஒரே ஆள் அவளுடைய கணவர்தான். கணக்கு வாத்தியார். வீட்டில் அவரை வாய் நிறைய "என்னங்க" என்பாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவர் "சார்" ஆகிவிடுவார். அந்தச் சாரில் மரியாதை இருப்பதாக நினைப்பவர்கள் ஒரு நாள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்கலாம்.

"சார், அது ஸ்டீயரிங். கரும்பலகை இல்ல. அழுத்தித் தேய்க்காதீங்க."

"சரிங்க டீச்சர்," என்பார் அவர், தலையை ஆட்டிக்கொண்டு.

அவருக்கு அப்போதுதான் தலைமை ஆசிரியர் பதவி வந்திருந்தது. பல வருடம் காத்திருந்து, இனி வராது என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தது. பள்ளிக்கூடமோ மலைக்கு அந்தப் பக்கம். காலை நேரத்தில் அங்கே பஸ் கிடையாது. கார் ஓட்டினால்தான் அந்த நாற்காலி. பள்ளி திறப்பதற்குள் ஒரே ஒரு ஓட்டுநர் சோதனைக்குத்தான் நேரம் இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை தோற்றிருந்தார். இரண்டு முறையும் ஒரே காரணம். பிரேக்கைத் தாமதமாகப் போடுகிறார், நிறுத்தக்கோட்டைத் தாண்டித்தான் நிறுத்துகிறார் என்று எழுதிவிட்டார் அதிகாரி.

"மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே ஓட்டினா இப்படித்தான்," என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பதவி வேணாம்னு சொல்லிடறேன்மா," என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் கார் வேறு. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார் அது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் சூடேறிப் பழுதாகலாம் என்று தெரிந்து, தயாரித்த கம்பெனியே எல்லாக் கார்களையும் திரும்ப அழைத்திருந்தது. முதல் முறை அவள் ஒழுங்காகத்தான் போனாள். பட்டறையில் ஒரு ஒயரைச் செருகி, சாஃப்ட்வேரை மாற்றி, அன்றே அனுப்பிவிட்டார்கள். பிறகு மறுபடி அழைப்பு வந்தது. அது போதாதாம், இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டுமாம், செலவு கம்பெனியுடையதாம், வண்டியைச் சில நாள் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

"ஒரு வண்டிக்கு எத்தனை தடவை வைத்தியம் பாக்குறது? நல்லாத்தானே ஓடுது? இவர் டெஸ்ட் முடியட்டும்," என்று தட்டிக்கழித்தாள். எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள் என்று பழக வந்த ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளப் பிரசங்கம் செய்கிறவள்தான் இவள்.

சோதனைக்கு முந்தைய வாரம், ஆற்றுப் பாலத்தின் மேல் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. பின்னால் ஒரு லாரி. இப்படிப்பட்ட நேரத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது, இருக்கிற வேகத்திலேயே உருட்டி ஓரம் கட்ட வேண்டும் என்பது அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். அவளுக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓடியது. ஓங்கி ஒரு மிதி. லாரிக்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"காலை எடு!" என்றார் வாத்தியார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவள் காலை எடுத்தாள். அவர் நான்கு பக்க விளக்குகளையும் போட்டு, வண்டியை மெதுவாக உருட்டி, பாலம் முடிந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினார். லாரி உரசாத குறையாகக் கடந்து போனது.

"விளக்கைக் கொஞ்சம் லேட்டாப் போட்டீங்க, சார்," என்றாள் அவள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு போன காரைப் பட்டறை மேற்பார்வையாளர் திறந்து பார்த்தார். "ரெண்டாவது தடவை கூப்பிட்டோமே, ஏங்க்கா வரலை?" என்று கேட்டார். பிரேக் அக்கா சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை வெகு கவனமாகப் படித்தாள். புது இன்வெர்ட்டர் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகுமாம்.

அவளுடைய தம்பி தான் விற்க வைத்திருந்த பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். "மச்சான், இதுல பழகுங்க. இடிச்சாலும் பரவாயில்ல, ஏற்கெனவே இடிச்ச வண்டிதான்," என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காரில் ஒரே ஒரு பிரேக். அதுவும் ஓட்டுபவர் காலடியில்.

முதல் திருப்பத்தில் நிறுத்தக்கோடு வந்தது. வாத்தியார் நிறுத்தவில்லை. அவளுடைய கால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. கார் அதை மதிக்கவில்லை. கோட்டைத் தாண்டி, குறுக்கே வந்த சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"ஏன் சார் பிரேக் போடலை?"

"நீ போடுவேன்னு இருந்தேன்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு கோட்டிலும் அவர் காலுக்கு முன்னால் அவள் கால் முந்திக்கொண்டிருக்கிறது. பழக வந்த மற்றவர்கள் அவளை நம்பாமல் தாங்களே மிதித்துக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் முழுசாக நம்பினார். அதிகாரி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதும், மனைவி மிதிப்பாள் என்று அந்த மனுஷனின் கால் காத்திருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின் மேல் இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்ன கோலம்?" என்றார் அவர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க."

சோதனை நாள் வரை அப்படியே உட்கார்ந்து வந்தாள். கால் மரத்துப்போகும். வாய் மட்டும் மரத்துப்போகவில்லை. சோதனையன்று வாத்தியார் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சாண் விட்டு நிறுத்தினாராம். அளவெடுத்தது போல நிறுத்துகிறாரே என்று அதிகாரியே சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை அவர் பலமுறை சொன்னார், அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

தம்பியின் காரை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பள்ளி திறந்த அன்று காலையில் தலைமை ஆசிரியர் அதில் தனியாகக் கிளம்பினார். துணைக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் தெருமுனையை நெருங்கியது. அங்கே ஒரு நிறுத்தக்கோடு உண்டு. அவளுடைய வலது கால் தானாக நகர்ந்து வாசல் தரையை ஓங்கி மிதித்தது.

அதற்கு முன்பே காரின் பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டிருந்தது.