கிராணிக்கு ஊற்றிய பால்

போன வெள்ளிக்கிழமை கோயிலில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கோயில், அதன் மூலையில் ஒரு புற்று. வெள்ளிக்கிழமையானால் பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள் – கையில் முட்டை, பாக்கெட் பால். எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பெண். பேக்டரியில் வேலை. கல்யாணமாகி நாலு மாதம், புருஷன் சிங்கப்பூரில். பெயர் வேண்டாம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவள்.

திரும்பி என் காதோரம் கேட்டாள்: "பாட்டி, பாம்பு நெஜமாவே பால் குடிக்குமா?"

"குடிக்காது" என்றேன். "நான் ஊத்திப் பார்த்திருக்கேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. பூசாரி பார்த்த பார்வை இருக்கிறதே... பாம்பே தேவலாம்.

பாதியைச் சொல்லியாயிற்று. மீதியையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். எனக்கு இருபது வயது. செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அதில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. பிள்ளை இல்லை. அப்பா அம்மா பாலிங் பக்கம் வேறு தோட்டத்தில் இருந்தார்கள். பஸ் ஓடாத அந்த நாளில் பாலிங் என்பது வேறு நாடு. வீட்டுக்காரர் ராமையாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. பேச்சு குறைவு, குறும்பு அதிகம்.

வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ஆபீஸ் குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம். அந்தப் பெரிய கிராணியும் எங்கேயோ ஒளிந்துகொண்டார். மரம் சீவும் வேலை நின்றுபோய், மரவள்ளி நடும் வேலை வந்தது. ஸ்டோரில் அரிசி இருந்ததோ இல்லையோ, எலி இருந்தது. ஆகவே ஒருநாள் என் வீட்டுக்காரர் சாக்கில் ஒரு மலைப்பாம்பைக் கட்டிக்கொண்டு வந்தார். என் கை தடிமன் இருக்கும். நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது.

"கத்தாத. நம்ம புதுக் கிராணி இவருதான்" என்றார். "சாப்பிடுவாரு, தூங்குவாரு, எது கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாரு. பழையவரும் அப்படித்தான இருந்தாரு?"

பேர் நிலைத்துவிட்டது. எலிகளும் குறைந்தன.

அப்புறம் ஒரு காலையில் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். மூன்றே மாதம் என்றார்கள். முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது? லாரியில் ஏறியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக் கத்தினார்கள் – அழாதே, அம்மாவைப் பார்த்துக்கோ, பத்திரம். என் வீட்டுக்காரரும் கத்தினார்:

"கிராணியப் பாத்துக்க!"

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அழக்கூட மறந்துவிட்டேன். கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

மறுவாரம் ஜப்பான்காரர்கள் ஸ்டோரைக் காலி செய்தார்கள். கிராணியைப் பலகைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொடவே பயந்தவள், ஒரு மாதத்தில் தலையைத் தடவிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். வேறு யார் இருந்தார்கள்? பாதி லயம் காலி. காலையில் எழுந்தால் அதனிடம்தான் பேச்சு. மரவள்ளி வேகவில்லை, மழை வரும் போலிருக்கிறது, இன்றைக்கும் கடிதம் இல்லை... பாம்புக்குக் காது கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேன்.

மூன்று மாதம் முடிந்தது. யாரும் வரவில்லை. நாலாவது மாதம் கிராணி படுத்துவிட்டது.

பெரிய எலி ஒன்று உதட்டில் கடித்திருக்க வேண்டும். வாய் வீங்கி, மூட முடியாமல், உள்ளே மஞ்சளாகக் கட்டி கட்டியாகச் சீழ். எலியை முகத்துக்கு நேரே காட்டினாலும் திரும்பவில்லை. தூக்கினால் ஈரத் துணி போலத் தொங்கியது. பக்கத்து லயத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். "சாகறதுக்குள்ள குடுத்துடு தங்கச்சி, கறி வச்சிரலாம்" என்றார்கள். கேலி இல்லை, பசி. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டேன். இது பிழைத்தால் அவர் பிழைப்பார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒரு பக்கம்... செத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம்.

பாம்புக்கு உடம்பு முடியாவிட்டால் என்ன கொடுப்பது? நம் வீட்டுப் பெண்ணை யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் – பால். பிறந்ததிலிருந்து புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவள் நான். வேறென்ன தோன்றும்?

லயத்திலேயே ஒரே ஒரு ஆடு, அஞ்சலை அக்காவுடையது. ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் புருஷனும் அதே லாரியில் போனவர்தான். இரண்டு வயதுப் பெண் குழந்தை. போய் நின்று, உடம்பு ரொம்ப முடியவில்லை, ஒரு டம்ளர் பால் வேண்டும் என்றேன். யாருக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை. அக்கா என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊற்றிக் கொடுத்தார். மூன்று நாள் வாங்கினேன்.

மூங்கில் குழாயை வாயில் வைத்துப் புகட்டினேன். அதன் நெற்றியில் மஞ்சள் வேறு! பால் மூக்கு வழியாக நுரைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கொறகொறவென்று சத்தம். நான் ஊற்ற ஊற்ற அது செத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றதை நான் பார்க்கவில்லை.

"அடிப்பாவி!" சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். "எம் புள்ளைக்குக் கொறைச்சு உனக்குக் குடுத்தேன்டி! பாம்புக்கா ஊத்துற?"

எனக்கு ஒரே வெட்கம். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஒன்று மட்டும் சொன்னேன்: "அவரு பாத்துக்கச் சொன்னாருக்கா."

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாயெல்லாம் வெந்து கெடக்கு. புள்ளைக்கு வாயில புண்ணு வந்தா பால ஊத்துவியா, புண்ணத் தொடைப்பியா? உப்புத் தண்ணி எங்க?"

உப்பு எங்கே இருந்தது அந்தக் காலத்தில்! தினமும் மெர்போக் ஆற்றுக்கு நடந்தேன். அங்கே கடல் ஏறி வரும். ஒரு டின் தண்ணீர் மொண்டு வந்து, காய்ச்சி, ஆறவைத்து, பழைய துணியைக் குச்சியில் சுற்றி வாயைத் துடைப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சீழை எடுத்தேன். காலை வெயிலில் அரை மணி. மற்ற நேரம் சாக்குக்குள், பக்கத்தில் சுடுதண்ணீர் போத்தல். அக்கா தலையைப் பிடித்துக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொண்டே!

முக்கியமானதைச் சொல்லவில்லையே. அந்தச் சண்டைக்கு மறுநாள் காலை அக்கா வந்தார், கையில் டம்ளர். அரை டம்ளர் பால்.

"பாம்புக்கு இல்ல. ஒனக்கு. எங் கண்ணு முன்னால குடி."

குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். லாரி போன அன்றைக்கு அழாததும் சேர்த்து அழுதேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் பெட்டியைத் திறந்தால், கிராணியின் வயிற்றில் ஒரு புடைப்பு. முதல் நாள் போட்டுவைத்த எலி! முற்றத்துக்கு ஓடி, "சாப்பிட்டாரு! கிராணி சாப்பிட்டாரு!" என்று கத்தினேன். லயத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள். பாம்பு பிழைத்துவிட்டது. அப்படியென்றால் அவரும் பிழைப்பார். முடிச்சு அப்படித்தானே?

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அதில் ஒருவர் என் வாசலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதமே காய்ச்சலாம். கொட்டகையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்களாம். வாயைத் துடைத்துவிடக்கூட ஆள் இல்லையாம்.

இரண்டாவது மாதம். நான் முடிச்சுப் போட்டபோதே அவர் இல்லை.

அஞ்சலை அக்காவின் புருஷனும் வரவில்லை. நாங்கள் இருவரும் கிராணியைச் சாக்கில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டோரம் விட்டோம். நின்று பார்க்கவும் இல்லை, திரும்பவும் இல்லை, நேரே போய்விட்டது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. பார்த்துக்கொள்ளச் சொன்னார், பார்த்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும் நான்?

கோயிலில் இவ்வளவும் சொல்லவில்லை. பாதி சொல்வதற்குள் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இந்தப் பால என்னா செய்றது பாட்டி?" என்றாள்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

தனியாக இருக்கிறவர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்கா தெரியாது?

வாங்கினேன். பாக்கெட்டின் மூலையைக் கிழித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"எங் கண்ணு முன்னால குடி."