சிவப்பு ஊசி

என் மகள் சிரிப்பை நிறுத்திய நாள் எது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான். ஐந்தாம் மாதத்தில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பொக்கைவாய் காட்டியவள், எட்டாம் மாதத்தில் தோளில் போட்டால் ஈரத்துணி மாதிரி கிடந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. விரல் முட்டிகள் கறுத்திருந்தன. அழுக்கென்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன், பாவி.

ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, வருசநாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமியிடம் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை அவள். பிறந்து முடி இறக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்பது நேர்ச்சை. கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. பாலுக்கு எங்கே போக? எங்கள் ஊர் தேவாரத்தில், எங்கள் தெருவில் எல்லோரும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கிறவர்கள், குடிப்பது கட்டன் காப்பிதான். முடி இறக்க நாள் குறித்தபோது பங்காளி வீட்டில் சாவு. வருசம் திரும்பாமல் சாமிக்குச் செய்யக் கூடாது. சரி, அதுவரை நேர்ச்சையும் நீளட்டும் என்று வீம்பாக இருந்தேன். நாக்கு எரிந்தது, உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "ஏத்தா, புள்ள மொகத்துல களையே இல்லையே. சாமி குத்தம் எதுவும் ஆயிருக்குமோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன அத்தே குத்தம் செஞ்சேன்? ஒரு முட்டைய மோந்து பாத்திருப்பேனா?"

மறுநாளே இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் விரலைப் பார்த்தார், செம்பட்டையாகிப்போன முடியைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ நாக்க நீட்டும்மா" என்றார். பிள்ளைக்குக் காட்ட வந்தால் என் நாக்கு எதற்கு? இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

"உன் உடம்புல பி-டுவெல்வ் சத்தே இல்லம்மா. அதனால தாய்ப்பால்லயும் இல்ல. கறி, முட்டை, மாட்டுப்பால்லதான் அது இருக்கு. எவ்வளவு நாளா சாப்பிடல?"

"ரெண்டரை வருசம்" என்றேன். டப்பா மாவு கொடுக்காமல் என் பாலிலேயே வளர்க்கிறேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்தப் பாலைக் குடித்துத்தான் என் பிள்ளை வாடியிருந்தாள்.

நர்ஸ் ஊசி எடுத்து வந்தார். அதில் இருந்த மருந்து ரத்தச் சிவப்பு. பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டேன்.

"இது கவிச்சியா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரத்தமெல்லாம் இல்ல. மருந்தோட நெறமே அதுதான்."

"வேணாம். நேர்ந்து வாங்குன புள்ள. நேர்ச்சை முறிஞ்சா சாமி திருப்பி எடுத்துக்கிரும்."

"இப்படியே விட்டா மூளை வளர்ச்சி நின்னுரும். அப்புறம் எத்தனை ஊசி போட்டாலும் முழுசா திரும்பாது."

சாமிக்குப் பயப்படுவதா, இதற்குப் பயப்படுவதா? கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் தொடையைக் காட்டினேன். எனக்கும் போட்டு, இருவரையும் வார்டில் சேர்த்தார்கள்.

இரண்டாம் நாள் அவள் கண் என் முகத்தோடு நகர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் இடதுகை நடுங்கத் தொடங்கியது. பிறகு தாடை, நாக்கு என்று எல்லாம் வெடவெடவென்று ஆடின. "முறிச்சுட்டேனே, நானே கொன்னுட்டேனே" என்று வார்டு அதிரக் கத்தினேன். டாக்டரம்மா ஓடி வந்து பார்த்து, சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து ஏறும்போது நடுக்கம் வரும், கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்றார். அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் தரும் அவித்த முட்டை அன்றும் தட்டில் தொடாமல் கிடந்தது.

அத்தை எழுந்து, குலசாமி இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "எய்யா, இவ நேர்ச்சைய நான் வாங்கிக்கிட்டேன். முடி எறக்குற வரைக்கும் நான் கவிச்சி தொடமாட்டேன். கேக்கணும்னா என்னையக் கேளு." முட்டையை உரித்து என் வாயருகே நீட்டினார். "தின்னு ஆத்தா."

குமட்டியது. அழுதுகொண்டே விழுங்கினேன். விழுங்கிவிட்டு, பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.

நடுக்கம் அடங்கப் பல நாளானது. ஊசி தொடர்ந்தது, தினம் ஒரு முட்டையும் தொடர்ந்தது. ஒருநாள் காலையில் அத்தை பெரிதாகத் தும்ம, மகள் திடுக்கிட்டுத் திரும்பிக் கெக்கெக்கே என்று சிரித்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வருசம் திரும்பியது. போன மாதம் குலசாமி கோயிலில் முடி இறக்கினோம். மொட்டைத் தலையோடு அவள் தத்தித் தத்தி நடந்தாள். கிடாவெட்டு முடிந்து, முதல் ஈரல் துண்டுகளை அத்தையின் இலையில் வைத்தேன். அவர் ஒதுக்கினார்.

"வேணாந்தா. புள்ள நல்லாருக்கா. நான் இப்பிடியே இருந்துக்கிறேன்."

"நேர்ச்சைதான் முடிஞ்சிருச்சே அத்தே."

"எனக்கு என்ன கொறை? காலு மட்டும் மதமதன்னு இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி."

என் கையிலிருந்த கரண்டி நழுவியது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரலில் ஒரு துண்டை எடுத்து அத்தையின் வாயருகே நீட்டினேன்.

"தின்னுங்க அத்தே" என்றேன்.