கோப்பி மூட்டைக்குப் பொறுப்பேற்ற நானா

ரயில் வருவதற்கு முந்திய கண்டியை நினைத்தால் எனக்கு முதலில் மாட்டு மணிச் சத்தம்தான் ஞாபகம் வரும். ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகள் வண்டி வண்டியாக இறங்கும். கடைவீதி முழுக்கக் காய்ந்த கோப்பி வாசனை அடிக்கும். அந்தக் காலம் திரும்பி வராது என்று தெரிந்தும் மனசு அங்கேயே போய் நிற்கிறது. இப்போது மூட்டையெல்லாம் ரயிலில் போகிறது, வண்டிக்காரர்களை யாரும் தேடுவதில்லை.

எங்களுக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. கண்டி மஹய்யாவயில் ஓலை வீடு, பக்கத்திலேயே மாட்டுக் கொட்டில். ஒரு வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டுவார், மற்றதைக் கூலிக்கு வந்த ஒருவர். தோட்டத்தில் ஏற்றிய கோப்பியை நனையாமல், குறையாமல் கொழும்பில் இறக்க வேண்டும். நனைந்தால் நிறம் மாறிவிடும், அந்த நட்டம் வண்டிக்காரன் தலையில் விழும். கடுகண்ணாவ இறக்கத்தில் ஒரு தடவை வண்டி கவிழ்ந்தால் போதும், மாட்டையும் வண்டியையும் விற்றுத்தான் ஈடுகட்ட முடியும். அவர் கிளம்பிப் போனால் திரும்பி வரும்வரை எனக்குப் பயம்தான்.

அந்தப் பயத்துக்கு மருந்தாகக் கடைவீதியில் ஒரு நானா இருந்தார். துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்போம். மூட்டைக்கு இவ்வளவு காசு என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்வார். வழியில் கோப்பிக்கு என்ன நடந்தாலும் நட்டத்தை அவர் கொடுப்பார். கொழும்பில் வெள்ளைக்காரர்கள் மேசை நாற்காலியோடு பெரிய கந்தோர் போட்டுக் கப்பல்களுக்கு இதையே செய்தார்களாம். எங்கள் நானாவுக்குக் கந்தோர் கிடையாது. அவரே வீடு தேடி வருவார்.

வந்ததும் மாட்டிடம்தான் முதலில் போவார். திமிலைத் தடவிக்கொண்டே, "இவன் ஏன் மெலிஞ்சி போய் இரிக்கான்?" என்று கேட்பார். பிறகு வண்டிக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்காருவார். "தங்கச்சி, ஊத்துங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் ஏணியில் ஏறி ஓலை வேய்ந்த வண்டிக் கூட்டின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஓலையை மாற்றும்வரை காசு வாங்க மாட்டார். மழை பெய்துகொண்டிருக்கும்போதுகூட ஊற்றச் சொல்வார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் அவர் வந்த நாளில் வீடு கலகலப்பாக இருந்தது உண்மை. ஒரு தடவை மாட்டு வியாதியில் எங்கள் காளை ஒன்று செத்தது. அவர் பொறுப்பு கோப்பிக்குத்தான், மாட்டுக்கு இல்லை. அப்படியும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கொட்டில் வாசலில் என் வீட்டுக்காரரோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருக்கையில், பன்விலயிலிருந்து எங்கள் பக்கம் புதிதாகக் குடிவந்த வண்டிக்காரரின் பெண்சாதி, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரு விஷயம் சொன்னாள். அவர்களும் நானாவிடம்தான் காசு கட்டுகிறார்கள். எங்களைவிட மூட்டைக்குக் கால்வாசி குறைவு! குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"விடு புள்ள. இத்தன வருசமா நம்ம கூட இருக்கிற மனுசன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாமளுந்தான் இத்தன வருசமா அவரு கூட இருக்கோம். அதுக்கு நமக்கு என்ன கெடச்சிச்சு?" என்றேன். அவர் வைக்கோல் அள்ளப் போய்விட்டார். யாரிடமும் வாய் திறந்து ஒன்றைக் கேட்க அவருக்கு வராது. அதனால் நானே கிளம்பினேன்.

முதலில் வாவிப் பக்கம் இதே தொழிலுக்குப் புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். அவர் அதைவிடவும் குறைத்துச் சொன்னார். வண்டியைப் பார்க்க வேண்டாமா என்றதற்கு, "எதுக்குங்க அக்கா?" என்று சிரித்தார். அங்கிருந்து நேராக நானாவின் கடைக்குப் போய், கேள்விப்பட்டதையெல்லாம் கொட்டினேன்.

அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவங்க புதுசா வந்தவங்க தங்கச்சி. கொறைக்காட்டி வேற எடம் போயிருவாங்க. நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"போகாதவங்ககிட்டதான் கூட்டி எடுப்பீங்களா நானா?"

மடித்த துணியை அவர் கீழே வைத்தார். பிறகு, "சரி. அந்தக் கடையில சொன்ன காசுக்கே நானும் எடுக்கிறேன்" என்றார். ஒரே மூச்சில் குறைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. இவ்வளவு லேசாகக் குறைக்க முடிந்தவர் இத்தனை காலம் ஏன் குறைக்கவில்லை?

அதற்குப் பிறகு நானா வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைச் சிப்பந்தி வந்து, மூட்டையைப் பார்த்து, காசை வாங்கிக்கொண்டு போவார். தண்ணீர் ஊற்றும் வேலை ஒழிந்தது என்று நான்கூட முதலில் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் கடுகண்ணாவ இறக்கத்தில் எங்கள் வண்டியின் சில்லு உடைந்தது. வண்டி பள்ளத்தில் சரிந்து, மூட்டையெல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிப்போனது. என் வீட்டுக்காரர் அடிபட்ட காளையை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவ்வளவு குறைத்த பிறகு நானா எங்கே கொடுக்கப்போகிறார், இனி எல்லாவற்றையும் விற்க வேண்டியதுதான் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையிலேயே சிப்பந்தி நட்டக் காசை முழுவதுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. நான் அழுதே விட்டேன். நான் கேட்டது நியாயம், இன்றைக்கும் அப்படியே கேட்பேன். நானாவும் சொன்ன சொல் தவறவில்லை.

கொட்டிலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் காளையின் காலில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காசு முழுசா வந்திருச்சுங்க" என்றேன்.

"மாடு எப்படி இருக்குன்னு கேட்டாங்களா?"

"வந்த சிப்பந்திக்கு என்ன தெரியும்? நான் கேக்குறேன்ல. கால் எப்படி இருக்கு?"

"நீ கேப்ப புள்ள, நீ வீட்டு ஆளு" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே. "நானாவையும் வீட்டு ஆளுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."