பலகை மூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை

பாடம் நடத்திய அன்றே அதன் குறிப்பை அவரவர் இணையத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சொல்லியிருந்தார்கள். நான் ஏற்றவில்லை. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்றுப்பணி செய்த வாரங்களில், ஒவ்வொரு பாடமும் முடிந்த கையோடு, அது எப்படிப் போனது என்ற சிந்தனை மீட்சியை நோட்டில் எழுதிவிடுவேன்: நாள், கிழமை, நேரம், மழையா வெயிலா, வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பாடம் பிடிபட்டது. இணையத் தொகுப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ஏற்றி முடித்தேன்.

என் அறைத்தோழி பந்திங் ஊர்க்காரி. அவளும் பயிற்சி ஆசிரியை. கட்டிலில் சாய்ந்தபடி என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"தேதிப் பைத்தியமே, எத்தன மணிக்கு மழ பெஞ்சுச்சின்னு கூடவா போடுவ? அதுக்கு மார்க் இல்லலா."

"இருக்கட்டும்டி. பின்னால யாராச்சும் பார்ப்பாங்க."

"யாரு, மியூசியத்துலயா? படத்தப் பாரு, எல்லாமே வெறும் பலகை!"

பிள்ளைகளின் முகம் தளத்தில் வரக்கூடாது என்பது விதி. அதனால் பாடம் முடிந்ததும் வெண்பலகையைத்தான் படம் எடுத்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை, தொகுப்பை எல்லார் முன்னும் விளக்கிக் காட்டும் படைப்பு. விரிவுரையாளர் அம்மையார் முன்வரிசையில் மடிக்கணினியில் என் தளத்தைத் திறந்து வைத்திருந்தார்; பின்வரிசையில் பந்திங்காரியும் மற்றத் தோழிகளும். நான் வணக்கம் சொல்லி மூன்றாவது பக்கத்துக்குப் போவதற்குள் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். எல்லாப் பக்கத்துக்கும் மேல ஒரே ஞாயித்துக்கிழம காட்டுதே?"

ஏற்றிய நாளைத் தளம் தானாகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பதித்திருந்தது. மழை பெய்த நேரத்தைக்கூடக் குறித்து வைத்த நான் அதைக் கவனிக்கவில்லை.

"நோட்டுல அன்னன்னைக்கு எழுதினேன் மேடம். ஏத்துனதுதான் ஒரே நாள்ல."

"நோட்ட நேத்து ராத்திரிகூட எழுதலாம்மா. ஒரே நாள்ல உக்காந்து கற்பனையா எழுதினதுன்னா நான் பாஸ் போட முடியாது. அடுத்த செமஸ்டர் பயிற்றுப்பணிய மறுபடியும் செய்யணும்."

தோழிகள் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போகும்போது நான் மறுபடி மாணவியாக நிற்க வேண்டும். அப்போதுதான் பலகை நினைவுக்கு வந்தது.

எங்கள் பள்ளிகளில் காலையில் வகுப்புத் தலைவர் பலகையின் வலது மூலையில் தேதி, கிழமை, வருகை மூன்றையும் எழுதிவிட்டுத்தான் உட்காருவார். பாடம் முடிந்து மற்றதை அழித்தாலும் அந்த மூலையில் யாரும் கை வைப்பதில்லை.

"படத்துல மூலைய மட்டும் பெருசாக்கிப் பாருங்க மேடம்."

அவர் பார்த்தார். வருகை இருபது, என் பக்கத்திலும் இருபது. அடுத்தது பத்தொன்பது, பத்தொன்பது. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தார். பின்னப் பாடத்தில் நின்றார். பரோட்டா போன்ற ரொட்டி சானாயை வட்டமாக வரைந்து நான்காகப் பிரித்திருந்த படம்.

"இங்க பாருங்க. பக்கத்துல புதன்கிழமைன்னு போட்டிருக்கீங்க. பலகையில செவ்வாய்னு இருக்கு. வருகையும் ஒத்து வரல."

அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்தப் புதன்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"கீழ சிந்தனை மீட்சியில கடைசி ரெண்டு வரி, மேடம்."

அவரே சத்தமாக வாசித்தார்: "இன்று தலைவி வரவில்லை. மூலையில் நேற்றைய தேதியும் வருகையுமே இருந்தன. படம் எடுத்த பிறகே கவனித்தேன். இன்று வந்தவர்கள் பதினெட்டுப் பேர்."

அதற்கு முந்தைய பக்கத்தைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை, பெருக்கல் பாடம். மூலையில் அதே தேதி, அதே கையெழுத்து, அதே எண். மறுபடி புதன்கிழமைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழம உக்காந்து கட்டி எழுதுறவங்க இப்படி ஒரு தப்ப விட்டு வைக்க மாட்டாங்க. பாஸ்மா. இந்தப் படத்த மாத்திறாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

கைதட்டலைத் தொடங்கியது பந்திங்காரிதான். வெளியே வந்ததும் தோளில் ஒரு அடி கொடுத்தாள்.

"அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நீ ஒரு ரொட்டி சானாய் வாங்கித் தரணும்லா."

நோட்டை எடுத்தேன். வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து, வெயில், தேர்ச்சி.