ஏப்ரன் பைக்குள் இரண்டு கைகள்

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய கையெழுத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவள் ஆணியக்கா. மரச்சாமான் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இப்போது பள்ளி விடுமுறை தோறும் மூன்று வாரம், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பகல் முகாம் நடத்துகிறாள். பதினெட்டுப் பிள்ளைகள் வருவார்கள், ஆளுக்கொரு ஸ்டூல் செய்வார்கள். சுத்தியல், ரம்பம், உப்புத்தாள் எல்லாம் அவள் பொறுப்பு. மதியச் சாப்பாடும் விரலுக்குப் பிளாஸ்திரியும் தங்கையான என் பொறுப்பு.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. முதலில் தன் பலகையில் செய்து காட்டுவாள். பிறகு பிள்ளைகள் வேலை முடிக்கும்வரை அவளுடைய இரண்டு கையும் ஏப்ரன் பைக்குள் இருக்கும். "நான் தொட்டா அது என் ஸ்டூல் ஆயிடும்" என்பாள். யாராவது ஆணியைக் கோணலாக அடித்தால் அந்தப் பைக்குள் விரல்கள் கிடந்து துடிக்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

இந்த முறை கூடத்துச் செயலாளர் வந்து ஒரு நிபந்தனை போட்டார். கடைசி நாள் பெற்றோர்கள் பார்த்துத் திருப்தி என்று எழுதித் தராவிட்டால், அடுத்த விடுமுறைக்குக் கூடம் கணினி வகுப்புக்குப் போய்விடுமாம். போன தடவை ஒரு அப்பா உட்கார்ந்த ஸ்டூல் ஆடியதாம். ஒன்பது வயதுப் பிள்ளை செய்தது ஆடாமல் என்ன செய்யும், அதென்ன சிம்மாசனமா?

கண்ணாடி போட்ட ஒரு சிறுமி இருந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளுடைய ஸ்டூலில் ஒரு கால் மட்டும் மற்றதைவிட ஒரு விரற்கடை கூடுதல் நீளம். முகாம் முடிவதற்கு முந்தின நாள், பிள்ளைகள் போன பிறகு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அக்கா அதைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் காலை அறுத்துக்கொண்டிருந்தாள். திருட்டு முழி முழித்தாள். "ஒரே ஒரு கால்தான்டி" என்றாள். நானும் கீழே விழுந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினேன். எனக்கும் முகாம் வேண்டும்தானே.

மறுநாள் வக்கீல் ஸ்டூலைத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. குனிந்து காலின் அடிப்பக்கத்தைத் தடவினாள். நேராக அக்காவிடம் வந்தாள்.

"இது என் ஸ்டூல் இல்ல. யாரு தொட்டது?"

அதற்குள் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். நானாக இருந்தால் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருப்பேன். அக்கா கைகளை வெளியே எடுத்தாள்.

"நான்தான்மா. ஆடுனா முகாமை மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன். நான் செஞ்சது தப்பு."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வக்கீல் கோபப்படவில்லை. அந்தக் காலைத் தட்டிக் கழற்றினாள். புதுக் கட்டை எடுத்து, மற்ற கால்களோடு மூன்று தடவை வைத்து அளந்து, ரம்பத்தைப் போட்டாள். பெரியவர்கள் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கட்டை லேசாக நழுவியதும் அவளுடைய அப்பா பிடிக்கக் கையை நீட்டினார்.

"அப்பா, கைய பைக்குள்ள வைங்க."

அவர் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரும் வைத்துக்கொண்டார். பை இல்லாத அம்மாக்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். செயலாளர் கூட நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

முடிந்ததும் செயலாளர்தான் முதலில் உட்கார்ந்தார்.

"ஆடுதேம்மா" என்றார்.

"கொஞ்சமாத்தான் ஆடுது" என்றாள் வக்கீல். "அது நானே செஞ்சது."

நோட்டில் பதினெட்டு வீட்டாரும் திருப்தி என்று எழுதினார்கள். கணினி வகுப்பு வேறு இடம் தேடிக்கொண்டது.

அடுத்த விடுமுறையின் முதல் நாள் வக்கீல் இரண்டு பெரிய பொத்தான்களோடு வந்தாள். அக்காவின் ஏப்ரனைக் கழற்றி வாங்கி, உள்ளே போன கை வெளியே வராமல் பூட்டிவைக்க, இரண்டு பைகளின் வாயிலும் பைக்கு ஒன்றாகத் தைத்தாள். கோணலாகத்தான் தைத்தாள். அக்கா எட்டத் தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி முடிச்சு வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.