மூடுபனி மேல் போட்ட பழி

ஏற்காட்டில் எது தாமதமானாலும் பழி மூடுபனி மேல்தான். பஸ் வரவில்லையா, பனி. துணி காயவில்லையா, பனி. கேஸ் சிலிண்டர் வந்து சேரவில்லையா, அதற்கும் பனி. அதனால் என் கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராம் இழுக்க ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

என் பிழைப்பே அந்த மெயில்தான். போர்வையும் திரைச்சீலையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்காக, வாங்கியவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதித் தரும் ஒரு சேலத்துக் கம்பெனியில் வேலை. கிழிந்த போர்வை, சாயம் போன திரைச்சீலை என்று படம் படமாக எடுத்து அனுப்பிப் புலம்புவார்கள். நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பணிவான ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பேன். அந்தப் பணிவில் பாதியையாவது வீட்டில் காட்டக் கூடாதா என்பார் என் கணவர். கல்யாணம் ஆனதும், மலையில் இருந்தபடியே வேலை செய்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுமதி வாங்கினேன்.

நாகலூர் போகும் சாலையில் எங்கள் வீடு. இருப்பது மூன்று பேர். பஸ் ஸ்டாண்டு அருகே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் கணவர், அவருடைய அம்மா, நான். அவர் அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமிக்கு மனிதர்கள் யாரிடமும் பயம் கிடையாது. இடிக்குத்தான் பயம். எப்போதோ ஒரு கோடை மழையில் இடி விழுந்து டிவி கருகிப்போனதாம். அன்றிலிருந்து, தூரத்தில் வானம் உறுமினாலே வீடு முழுக்க ஓடி எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவார். பிளக்கோடு நிறுத்த மாட்டார். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் திரைக்கும் நடுவே இருப்பது, பெட்டிக்கும் கீபோர்டுக்கும் நடுவே இருப்பது எல்லாம் கையோடு வந்துவிடும். மழை விட்டதும் என் கணவர் உட்கார்ந்து திரும்ப மாட்டுவார். அது அவருடைய வேலை என்று எழுதாத ஒப்பந்தம்.

மெயில் இழுத்தது எப்படி என்றால், மவுஸை உருட்டினால் பட்டியல் கொஞ்சம் யோசித்துவிட்டு நகரும். படங்கள் மேலிருந்து துண்டு துண்டாக இறங்கும். ஒரு வரியை அடித்து முடித்த பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். இது சித்திரையில் ஆரம்பித்தது. ஆடியில் பனி இறங்கியதும், பனியில்தான் நெட் படுத்துவிட்டது என்று காரணம் உறுதியாகிவிட்டது. மோடத்தை ஜன்னலுக்கு மாற்றினோம், அலமாரி மேல் ஏற்றினோம். நெட் கம்பெனி ஆளை வரச் சொல்லிக் கேபிளைக்கூட மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. "பனி விலகட்டும், சரியாப் போயிரும்" என்றார் கணவர். நானும் ஜன்னலைப் பார்த்துப் பனியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆவணியில் எங்கள் டீம் லீடர் போன் செய்தார். நல்ல பெண்மணிதான். அவர் அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவரோ தன்மையாகப் பேசினார்.

"ஏனுங்க, உங்க பதில் மட்டும் தெனமும் லேட்டாவே வருதுங்க. அங்க நெட்டு சரியில்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். திங்கக்கெழமையில இருந்து ஆபீசுக்கே வந்துருங்க."

சேலம் கீழேதான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது. மூன்றாவது வளைவிலேயே குடலைப் புரட்டும். தினமும் போய் வருவது நடக்காத காரியம். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இரண்டையும் நினைத்தாலே எனக்கு அழுகை முட்டியது.

மாமியிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரத்தில் என் துணிப் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கித் துடைக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. அனுப்பி வைப்பதில் இவ்வளவு அவசரமா என்று போய்ப் பார்த்தேன். ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதற்கு மேலே என் கம்பளி ஸ்வெட்டர் மடித்து இருந்தது.

"சேலத்து வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குங்க மாமி?"

"வெச்சுக்கோ கண்ணு. என்னத்த அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காற்றில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கேபிள் மேல் விழுந்து, நெட் அடியோடு போய்விட்டது. இருப்பதும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் பழைய மெயில்களை உருட்டியது. அவை எல்லாம் ஏற்கெனவே என் மெஷினுக்குள் இறங்கிக் கிடப்பவை. அவற்றைக் காட்ட நெட்டே தேவையில்லை. அப்படியும் அதே இழுவை, படத்தில் அதே துண்டு துண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் பனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை மாதமாக ஜன்னலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. பனியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மெஷினை ஏதாவது செய்யலாம்.

மெயில் புரோகிராமோடு ஒட்டிக்கொண்டிருந்த உபரிச் சமாச்சாரங்களை எல்லாம் நிறுத்தித் திறந்து பார்த்தேன். மாற்றம் இல்லை. செட்டிங்ஸில், படம் காட்டும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் டிக் சரியாகவே இருந்தது. பிறகு மெஷினில் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் காட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மெயிலை உருட்டினேன். அதில் கிராஃபிக்ஸ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். மதர்போர்டோடு ஒட்டி வந்த சின்னது ஒன்று, மூச்சு வாங்க நூற்றுக்கு நூறில் நின்றது. தனியாகப் போட்ட பெரிய கார்டு பூஜ்யத்தில் தூங்கியது.

அந்த மெஷின் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் பழையதாக வாங்கியது. அந்தப் பெரிய கார்டுக்காகவே வாங்கினோம். அது ஏன் சும்மா இருக்கிறது? செல்போன் டார்ச்சை அடித்து மேசைக்குப் பின்னால் தலையை விட்டேன். திரையிலிருந்து வரும் ஒயர் பெட்டியின் மேல் பக்கத்தில், அந்தச் சின்னதின் ஓட்டையில் செருகியிருந்தது. கீழே, பெரிய கார்டின் ஓட்டை, அச்சு அசல் அதே மாதிரி, தூசி படிந்து காலியாக இருந்தது.

கடைக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, சித்திரையில இடி இடிச்சு மாமி எல்லாத்தையும் புடுங்குனாங்களே, திருப்பி மாட்டுனது நீங்கதானுங்களே?"

"ஆமா. ஏன்?"

"ஸ்கிரீன் ஒயரை எந்த ஓட்டையில மாட்டுனீங்க?"

"எதுல பொருந்துச்சோ அதுல. படமும் வந்துச்சு. வேற என்ன பாக்கோணும்?"

ஊருக்கே ஒயர் விற்கிற மனுசன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மெஷினை அணைத்து, ஒயரைக் கீழ் ஓட்டைக்கு மாற்றி, மறுபடி போட்டேன். திரை கருப்பாகவே நின்றது. அறை வாசலில் மாமி வந்து நின்றிருந்தார். பிறகு வெளிச்சம் வந்தது. மெயிலைத் திறந்து மவுஸை உருட்டினேன். பட்டியல் சர்ரென்று ஓடியது. கிழிந்த போர்வைகள் எல்லாம் முழுசு முழுசாக வந்து நின்றன. ஒரு கிழிந்த போர்வையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மதியம் கேபிளைச் சரிசெய்தார்கள். தேங்கிக் கிடந்த அத்தனைக்கும் பதில் எழுதி அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் டீம் லீடர் கூப்பிட்டுவிட்டார்.

"என்னங்க, பனி வெலகிருச்சா?"

"இல்லீங்க, நொம்ப இருக்குதுங்க. ஒயருதான் மாறிக் கெடந்துச்சு."

அவர் சிரித்தார். "இப்படியே போச்சுன்னா அங்கயே இருந்துக்கோங்க. திங்கக்கெழமை வர வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கடையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப் கொண்டு வந்தார். ஒயர் முனையில் ஒரு சுற்று, கார்டின் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. நான் கேலி செய்யாமல் விடவில்லை.

திங்கட்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, நாகலூர் பக்கம் வானம் உறுமியது. நான் ஒரு பதிலை அனுப்பி முடிப்பதற்குள் மாமி வந்துவிட்டார். வழக்கம்போல ஒன்று விடாமல் பிடுங்கினார். மழை இருட்டில் இருவரும் அதன் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். மழை விட்டது. கணவர் கடையிலிருந்து வர நேரமாகும். நான் எழுவதற்கு முன் மாமி கையை ஊன்றி மேசைக்கு அடியில் குனிந்தார்.

"செவப்புக்குச் செவப்புதானே கண்ணு?"

"ஆமாங்க மாமி."

திரையில் வெளிச்சம் வந்தது. மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சேலத்துக்குக் கட்டி வைத்திருந்த என் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் ஸ்வெட்டரை உதறி என் தோளில் போட்டார்.

"குளுருது. போட்டுக்கிட்டு வேலையப் பாரு" என்றார்.