தட்டில் விரித்து வைத்தது

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தயவுசெய்து தட்டை நகர்த்தி வைத்துவிடுங்கள். இது எனக்கு நடந்தது. என் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், ஒரு வரிகூடக் கயிறு திரிக்கவில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்கு வந்தது மத்தியானம். நல்ல வெயில்.

எனக்கு அருவருப்பு ஜாஸ்தி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினாலே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவன் நான். இப்படிப்பட்டவனை வளர்த்தது ஒரு மருத்துவச்சி. என் அம்மாவைப் பெற்ற பாட்டி. பிரசவம் பார்த்துவிட்டு வந்து, குளித்து, எனக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். எனக்குக் குமட்டும். "என்னடா மூஞ்சியைச் சுளிக்கிற? நீயும் அப்படித்தான் வந்த" என்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம். குழந்தை பிறந்ததும் வீடே குழந்தையைச் சுற்றி நிற்கும். பாட்டி மட்டும் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பின்னால் வரும் நஞ்சுக்கொடியை வெள்ளை எனாமல் தட்டில் விரித்து, கிழிந்த ஓரங்களை விரலால் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பாள். ஒரு துண்டு குறைந்தால் அது தாயின் வயிற்றில் தங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளேயே அழுகி ஆளைக் கொண்டுபோய்விடும். முழுசாக இருக்கிறது என்று தெரியும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். "குழந்தையைக் கொஞ்ச ஆயிரம் பேர் இருக்காங்க. இதைப் பாக்க நான் ஒருத்திதான்" என்பாள். அவள் பார்த்த பிரசவத்தில் ஒரு தாயும் சாகவில்லை.

என் மனைவி உண்டானபோது பாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "உன் பொண்டாட்டிக்கு நான்தான் பாப்பேன்" என்று தினமும் ஆரம்பித்துவிடுவாள். ஐயோ சாமி, வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன். நாலாவது மாதத்தில் ஒருநாள் பாட்டி தூக்கத்திலேயே போய்விட்டாள். அவளுடைய தட்டு, கையுறை, கார்பாலிக் சோப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நன்றாகக் கை கழுவினேன்.

பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த மறுநாளே மனைவிக்கு லேசான காய்ச்சல். "பால் கட்டியிருக்கு, தானா சரியாயிடும்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

அன்று மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். சமையலறையில் சத்தம். குழாய் திறந்தது... மூடியது... திறந்தது... மூடியது. போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. வாடைதான் முகத்தில் அடித்தது. மேலே கார்பாலிக் சோப்பு. அதற்கடியில் பச்சை ரத்தம்.

பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் பாட்டியின் எனாமல் தட்டு. அதில் கருஞ்சிவப்பாக, கெட்டுப்போன ஈரல் மாதிரி, கொழகொழவென்று ஏதோ விரித்து வைத்திருந்தது. வெளிறிய கொடி ஒன்று தட்டைத் தாண்டித் தொங்கியது. மேலெல்லாம் ஈ. ஓரங்கள் மட்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்கு இடைவெளி.

பூனை எதையோ இழுத்து வந்திருக்கும், அம்மா தட்டை இறக்கியிருப்பாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்ததைச் செய்தித்தாளில் சுருட்டித் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். பினாயில் ஊற்றித் தேய்த்தேன். கையில் வாடை போகவில்லை.

சாயங்காலம் அம்மாவைக் கேட்டேன்.

"பரண்ல நான் எப்படிடா ஏறுவேன்? எனக்கு முட்டியே மடங்கல."

மறுநாள் மத்தியானம். மறுபடியும் குழாய்...

தட்டில் அதேதான். இப்போது புழு வைத்திருந்தது. நான் சுருட்டிய செய்தித்தாளின் கிழிசல் ஒட்டியிருந்தது. அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். சமையலறை தாண்டி... கூடம் தாண்டி... மனைவி படுத்திருந்த அறைக்குள் போயிருந்தது.

அவள் கண்மூடிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

வயிற்றின் மேல் நைட்டித் துணி அமுங்கியது.

ஐந்து விரல் தடம்.

விட்டது... மறுபடி அமுக்கியது. பிசைந்தது.

கை இல்லை.

என் காதோரம் அந்தச் சோப்பு வாடை.

"ஒரு துண்டு உள்ளயே இருக்குடா. தூக்கு அவளை."

போர்வையை இழுத்தேன். படுக்கை முழுக்க ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நஞ்சுக்கொடியில ஒரு துண்டு உள்ளயே தங்கி அழுகியிருக்கு. எடுத்துட்டோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." மனைவி பிழைத்தாள். துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது எனாமல் தட்டு காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பாட்டிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கை பிசைந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில், பிரசவ வார்டு ஆயாம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாட்டி வரலையா தம்பி?"

"எந்தப் பாட்டி?"

"குழந்தை பொறந்த அன்னிக்கு உங்க முதுகுக்குப் பின்னாடியே நின்னாங்களே. 'இவனை வளர்த்தவ நான்தான்'னு சொன்னாங்க. தூக்கிப் போட வெச்சிருந்த நஞ்சுக்கொடியைக் கேட்டாங்க. 'இங்க யாரும் சரியாப் பாக்கல, வீட்ல வெச்சு நான் பாத்துக்கறேன்'னாங்க. பாவம், வயசானவங்கன்னு கவர்ல போட்டுக் குடுத்துட்டேன். சொட்டுதுன்னு இன்னொரு கவரும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

நான் குப்பையில் எறிந்தது என் மனைவி உடம்பிலிருந்து வந்தது. குழாயடிக்குப் போய், தோல் சிவக்கும்வரை கையைக் கழுவினேன்.